யாரோட ஓடி வந்தே?

வைகாசி 4

பூமிநாதனை வெங்காயம் வாங்கி வா என்று எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்கு அனுப்பினேன். அவன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண்ணையும் உட்கார வைத்து ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து என் இட்லிக் கடை வாசலில் நிறுத்துகிறான். பெற்ற மகன் என்றும் பார்க்காமல் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"யாருடா இது?"

"பர்மாக்கார டீச்சரும்மா. பட்டாளத்தான் ஆட்சிக்கு வேலை பாக்க மாட்டோம்னு ஸ்டிரைக் பண்ணியிருக்காங்க. வீட்டுக்கு ஜீப் வந்துருச்சு. பின்வாசல் வழியா கிளம்பி, மூங்கில் காட்டுல கிடந்துட்டு சந்தைக்கு வந்திருக்காங்க."

"அதுக்கு? நம்ம வீடு என்ன சத்திரமா?"

அவன் மூட்டையை இறக்கினான். என் வாய்க்குப் பயந்தவன்தான், ஆனால் செய்வதைச் செய்துவிட்டுத்தான் பயப்படுவான்.

அந்தப் பெண் கையில் ஒரு கறுப்புக் குடை. வேறு பை, துணி ஒன்றும் இல்லை. நான் பர்மாவில் மொனீவாவில் பிறந்து இந்த எல்லையிலேயே வளர்ந்தவள், பர்மா பேச்சு எனக்கு நன்றாக வரும். பேர் கேட்டேன். திரி என்றாள். இட்லி வைத்தேன். சட்னியைத் தொடாமல் வெறும் இட்லியாக ஏழு சாப்பிட்டாள்.

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு பொழுது கிடையாது" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டேன். பஞ்சவர்ணம் சொன்னால் சொன்னதுதான், இந்த மணிப்பூர் எல்லை மோரேயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வைகாசி 8

முட்டைக்கோசு நறுக்கச் சொன்னேன். அத்தோவுக்கு நூலாக நறுக்க வேண்டும். நூடுல்ஸோடு கலந்தால் எது எது என்று தெரியக் கூடாது. இவள் ஆட்டுக்குப் போடுகிற மாதிரி நறுக்கி வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கையாம்.

நறுக்கிக்கொண்டே, "அமே, நீங்களும் எங்க நாட்டுலருந்து ஓடி வந்தவங்கதானே?" என்று கேட்டாள். அமே என்றால் அம்மா. கூப்பிட்டதை விட்டுவிட்டேன், கேட்டதை விடவில்லை.

"ஓடி வரலை. வந்தோம்."

அவளுக்கு விளங்கவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். எங்கப்பாவுக்கு மொனீவாவில் ஜவுளிக் கடை. நான் கைப்பிள்ளையாக இருந்தபோது அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்டது. கப்பல் ஏற்றி மெட்ராசில் இறக்கினார்கள். அப்பா முகாமில் இருந்து பார்த்தார், ஒட்டவில்லை. "எனக்கு ஊர் மொனீவா" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு ரயிலும் லாரியும் நடையுமாகத் திரும்பப் புறப்பட்டார். இந்த எல்லையில் வந்து மறித்தார்கள். மறித்த இடத்திலேயே, கேட்டுக்கு எதிரே, வீட்டைக் கட்டி உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் பாதிக்கு இதுதான் கதை. ஓடுகிறவன் துரத்தினவனைப் பார்த்தா ஓடுவான்? எங்கள் வீட்டில் ஆம்பளையும் ஓடினதில்லை, பொம்பளையும் ஓடினதில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

"நான் ஓடினேன்" என்றாள் திரி. "அபேதான் குடையைக் குடுத்து, போன்னு தள்ளுனார்." அபே என்றால் அப்பா. அம்மா இல்லையாம். அப்பாவும் மகளும்தான் வீட்டில்.

வைகாசி 11

வாரம் முடிந்தது. நல்ல மழை. மழையில் எப்படிப் போகச் சொல்வது.

வைகாசி 21

கோயில் தலைவர் சங்கிலிமுத்து அண்ணன் டீ குடிக்க வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களைக் கண்டால் திருப்பி அனுப்பப் போகிறார்களாம், வைத்திருக்கிற வீட்டுக்காரனையும் விசாரிப்பார்களாம். அப்படி ஒரு பேச்சு.

"நமக்கெதுக்கும்மா வம்பு? நாமளே இங்க ஒண்டிக்கிட்டுக் கிடக்கோம்" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. அவர் பயத்தில் பாதி எனக்கும் உண்டு. பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தேன். அவர் போகிற வரைக்கும் திரி மாவு அரைக்கும் இடத்தில் அசையாமல் நின்றாள்.

ஆனி 2

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

திரி தமிழ் கற்றுக்கொள்கிறாள். பூமி சொல்லிக்கொடுக்கிறான், மகன் வாத்தியார் வேலையில் இவ்வளவு பொறுமைசாலி என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. நான் மாவு மில்லுக்குப் போன நேரத்தில் சங்கிலிமுத்து அண்ணன் சம்சாரம் மயிலாத்தா கடைக்கு வந்திருக்கிறாள். புது முகத்தைப் பார்த்ததும் விடுவாளா?

"எங்கேருந்தும்மா வந்தே?"

"பர்மா. ஓடி வந்தேன்."

மயிலாத்தாவுக்கு மூச்சு நின்றிருக்கும். "யாரோட ஓடி வந்தே?"

யாரோடு வந்தாய், எந்த வண்டியில் வந்தாய் என்று கேட்பதாக நினைத்திருக்கிறது இந்தப் பெண். வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த என் மகனைக் கையைக் காட்டி, "அவரோட" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்திருக்கிறாள், தமிழில் பதில் சொன்ன சந்தோஷத்தில்.

நான் மில்லிலிருந்து திரும்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பஞ்சக்கா மகன் பர்மாக்காரியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டானாம். எங்கள் வீட்டில் யாரும் ஓடினதில்லை என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. சொல்லியே ஊர் வாயை வளர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

திரிக்குச் சொல்லி விளங்க வைத்தேன், தமிழில் பெண்பிள்ளை 'ஓடி வந்தேன்' என்றால் என்ன அர்த்தம் என்று. முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. பூமியும் பக்கத்தில் நின்று கேட்டான். மறுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். காதைச் சொறிந்துகொண்டு போனான்.

ஆனி 5

தேவகோட்டையிலிருந்து போன். பூமிக்குப் பேசி முடித்திருந்த இடம், ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "கேள்விப்பட்டோம்மா. வேற இடம் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார். இங்கே மயிலாத்தா தும்மினால் தேவகோட்டையில் கேட்கிறது.

தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அப்படி இல்லை, இவள் அகதி என்று சொல்லிவிடலாம் என்று செருப்பைப் போட்டேன். சொன்னால் அடுத்த நாள் அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

பூமி இரண்டு தட்டு அத்தோ சாப்பிட்டான். பெண் போன வருத்தம் அவனுக்கு அவ்வளவுதான்.

ஆனி 9

போலீஸ்காரர் வந்தார். தினம் இங்கே இட்லி சாப்பிடுகிற மணிப்பூர்க்காரப் பையன்தான். புதிதாக ஒரு பெண் இருக்கிறாளாமே, யார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கடை, எதிர்க் கடை, டீ குடிக்க வந்தவன் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள், இந்தம்மா மகனோடு ஓடி வந்த பெண் என்று. எந்த நாட்டுப் பெண் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை; சிரித்தார். "அப்ப கல்யாணச் சாப்பாடு எப்ப?" என்று கேட்டுவிட்டு இட்லியை முடித்துக்கொண்டு போனார்.

என்னை ஏசுவதற்கு என்று வந்த வாயெல்லாம் சேர்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டது. என் மானம் போன வழியில் அவள் உயிர் பிழைத்தது. கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஆனி 19

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் பர்மாக்காரி டோ கின் இன்று கூடையை இறக்காமலே திரியைத் தனியாகக் கூப்பிட்டாள். திரியின் அப்பாவைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். மகள் காட்டில் பட்டாளத்தை எதிர்க்கிற துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்துவிட்டாள், அவள் வந்தால் உன்னை விடுவோம் என்று உட்கார வைத்திருக்கிறார்களாம். அறுபத்தெட்டு வயசு மனிதர், வெற்றிலைக் கடைக்காரர்.

திரி அழவில்லை. முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டே இருந்தாள். நூலாக விழுந்தது.

"நான் ஓடினதாலதான் அபேயைப் பிடிச்சாங்க" என்றாள்.

"பிடிச்சவன் பிடிச்சான். பழி அவனுக்கு. ஓடினவளுக்கு எப்படி வரும்?"

"வகுப்புல பிள்ளைங்க கேட்டாங்க அமே, சயாமா நீங்களும் போயிருவீங்களான்னு. மாட்டேன்னு சொன்னேன். அவங்களையும் விட்டுட்டு வந்தேன், அபேயையும் விட்டுட்டு வந்தேன். இங்க உக்காந்து இட்லி சாப்பிடறேன்."

சயாமா என்றால் டீச்சர். ஏசுவதற்குத்தான் எனக்கு வார்த்தை வரும். வெங்காயத்தை உரிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் உரித்தோம். அழுவதற்கு அது நல்ல சாக்கு.

ஆனி 20

காலையில் கடை திறந்தால் அவளைக் காணோம். குடையையும் காணோம். எனக்குப் புரிந்துவிட்டது. கொதிக்கிற அண்டாவை அப்படியே விட்டுவிட்டு கேட் ரோட்டில் ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. ஊரே பார்த்தது.

கேட் திறக்கக் காத்து நின்ற கூட்டத்தில் அவள் கையைப் பிடித்தேன்.

"நீ போனா அவரை விட்டுருவான்னு யாரு சொன்னது? பிடிச்சவன் சொன்னான். அவன் சொல்லை நம்பறே, நான் சொல்றதை நம்ப மாட்டியா?"

"நான் போகலைன்னா நான் என்ன மகள்?"

"போனா ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க. அப்புறம் அந்த மனுஷன் எதுக்குக் குடையைக் குடுத்துத் தள்ளுனார்?"

அவள் கை தளர்ந்தது. பின்னால் சந்தைக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாரு, மாமியார் மருமக சண்டை, ஓடி வந்தவ திரும்ப ஓடப் பாக்குறா. அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்று சட்டென்று உறைத்தது. இந்த ஊர் நம்பிய பொய்யை அந்த ஊர் ஏன் நம்பக் கூடாது? மகள் காட்டுக்குப் போகவில்லை, ஒரு இந்தியாக்காரனோடு ஓடிவிட்டாள் என்றால், அப்பனை வைத்துக்கொண்டு அவனுக்கு என்ன லாபம்?

சொல்லால் நம்ப மாட்டான். போட்டோ வேண்டும். தாலி கட்டுகிற போட்டோ.

ஆனி 22

பூமியிடம் சொன்னேன். "சரிம்மா" என்றான். ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

திரியிடம் கேட்டேன். ஊர் முன்னால் உன் பேர் என் மகனோடு சேர்ந்துவிடும், அப்புறம் கழுவினாலும் போகாது, யோசித்துச் சொல் என்றேன். உங்கள் பேரும்தானே போகும் என்றாள். என் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அம்மன் சந்நிதியில் பொய்க் கல்யாணம் செய்யலாமா என்பதுதான் என் கவலை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆடி பிறக்கட்டும். ஆடியில் கட்டினால் அது கல்யாணமே இல்லை, நம் வழக்கத்தில் எவனும் கட்ட மாட்டான். அம்மனுக்குத் தெரியாதா?

திரி சொன்னாள், "எங்களுக்கும் அப்ப மழைக்கால விரதம். மூணு மாசம் கல்யாணம் கிடையாது."

"ரொம்ப நல்லது. ரெண்டு பக்கமும் செல்லாது."

ஆடி 2

நடந்தது. எழுதி வைக்கிறேன்.

அர்ச்சகர் ஆடியில் நான் மந்திரம் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லவே வேண்டாம் சாமி, ஓரமாக நில்லுங்கள் போதும் என்றேன். என் அரக்குப் பட்டை திரிக்குக் கட்டிவிட்டேன். கன்னத்தில் பர்மாக்காரப் பெண்கள் வழக்கப்படி தானாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொண்டாள், நான் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்து புறப்படும்போது குடையைக் கையில் எடுத்தாள்.

"கல்யாணத்துக்குக் குடையா? வை அங்கிட்டு."

"குடை இல்லாம நான் வரலை அமே."

இத்தனை நாளில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். தொலையட்டும் என்று விட்டேன்.

பூமி மஞ்சள் கயிற்றை அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டு போனான். "முடிச்சுப் போட்டிராதே. பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றேன். நின்றான். ஸ்டுடியோப் பையன் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்தான். இவன் கேமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்ததில் இரண்டு போட்டோ வீண். கயிற்றைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அம்மனைப் பார்த்து, நீ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதானே இருக்கே என்று மட்டும் சொன்னேன்.

வெளியே தெருவே கூடி நின்றது. ஆடி மாசத்தில் கூட அடக்க முடியவில்லையா என்று ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரி கேட்டாள். நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

டோ கின் கருவாட்டுக் கூடைக்கு அடியில் போட்டோவை வைத்துக்கொண்டு போனாள். அந்த ஊர் வட்டாரத் தலைவர் அவளுக்குத் தெரிந்தவராம், அவர் கையால் அதிகாரியிடம் காட்டுவார். உள்ளே இருக்கிற மனிதரிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் இல்லை. போட்டோவைப் பார்த்து, இது பொய், என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. என்னைப் போல ரோஷக்காரராக இருந்தால் அப்படித்தான் சொல்வார்.

ஆடி 5

சங்கிலிமுத்து அண்ணன் வந்தார். உட்காரவில்லை. ஆடிப் பால்குடத்தில் முதல் குடம் பல வருஷமாக என் தலையில்தான். "இந்த வருஷம் வேண்டாம்மா. நீ கடைசியில வா. ஜனம் பேசுது" என்றார்.

"சரிண்ணே" என்றேன். அவர் போன பிறகு குடத்தைப் புளி போட்டு விளக்கினேன். கடைசியில் வந்தாலும் என் குடம்தான் மின்ன வேண்டும்.

ஆடி 10

தகவல் இல்லை. திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

ஆடி 17

டோ கின் தூரத்தில் வரும்போதே கூடை ஆடிய ஆட்டத்தில் தெரிந்துவிட்டது, நல்ல சேதி என்று.

அதிகாரி போட்டோவை அந்த மனிதர் முகத்துக்கு முன்னால் நீட்டினாராம். "உன் மகள் புரட்சி பண்ணப் போகலையாம்யா, ஒரு கலாவோட ஓடியிருக்கா" என்றாராம். கலா என்று எங்களைத்தான் சொல்வார்கள் அங்கே. மரியாதையான சொல் இல்லை. மொனீவாவில் எங்கப்பா காதில் அந்தச் சொல் விழாத நாள் இருந்திருக்காது.

அந்த மனிதர் போட்டோவை வாங்கினாராம். ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு அதன் மேல் காறித் துப்பி, "எனக்கு மகளே இல்லை. இந்த விரத மாசத்துல கலாகிட்ட போனவ செத்துப் போனவ" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாராம். அங்கே இருந்தவன் எல்லாம் சிரித்தானாம். சிரித்த வாயோடு இரண்டு நாள் கழித்து, போய்யா என்று விட்டுவிட்டார்களாம்.

திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அபே நிஜமாவே துப்பினாரா?" என்று கேட்டாள்.

டோ கின் கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஊறவைத்த தேயிலை, லப்பெ. அங்கே கல்யாணத்துக்கு அழைப்பதும், சம்மதம் சொல்வதும் அதைக் கொடுத்துத்தான். "சம்பந்தியம்மாகிட்ட குடுன்னார். இன்னொண்ணும் கேட்டார், மகள் குடையை விடாம வச்சிருக்கால்லன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போட்டோவில் அந்தக் கறுப்புக் குடையைத்தான் அவர் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார். தன் கையால் கொடுத்த குடை; கல்யாணப் பெண் எவள் குடையோடு நிற்பாள், தனக்குச் சொல்லத்தான் மகள் பிடித்திருக்கிறாள். மகள் எங்கே இருக்கிறாள், எதற்கு இந்தப் போட்டோ வந்திருக்கிறது என்று அந்த ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டு, மானம் மரியாதையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பியிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். ரோஷம் என்றால் என்னவென்று தெரிந்த ஆள்.

முடிச்சே போடவில்லை என்று அவருக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டேன். திரியும் பூமியும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். ஆக, நான் சொல்லி அனுப்பவில்லை. லப்பெ ஒரே கசப்பு. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஆடி 26

பால்குடம். மழை விட்டிருந்தது.

வரிசையின் கடைசியில் நின்றேன். பக்கத்தில் திரி, அவள் தலையிலும் ஒரு சின்னக் குடம் வைத்திருந்தேன். அப்பா திரும்பி வந்ததற்கு அவள் வேண்டுதல். முன்னால் நின்ற மயிலாத்தா திரும்பிப் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம்.

"ஏக்கா, ஓடி வந்தவளையெல்லாம் வரிசையில நிக்க வைக்கணுமா? சாமி காரியம் பாரு."

மேளம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எல்லாருக்கும் கேட்டது. திரிக்கு இப்போது தமிழ் நன்றாகவே விளங்குகிறது; தலைக்கு மேல் குடத்தைப் பிடித்திருந்த அவள் கை இறங்கப் பார்த்தது.

"குடத்தை இறக்காதே" என்றேன். பிறகு மயிலாத்தாவைப் பார்த்தேன்.

"ஆமாடி. ஓடி வந்தவதான். நானும் ஓடி வந்தவதான். எங்கப்பன் கடையைப் பட்டாளத்தான் பிடுங்கிக்கிட்டான், உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறி ஓடி வந்தோம். உங்கப்பன் எப்படி வந்தாரு? விருந்துக்கா வந்தாரு? இந்த வரிசையில ஓடி வராத வீட்டுக்காரி யாராவது இருந்தா, முன்னால போய் முதல் குடத்தை எடுங்க. நான் பின்னால வர்றேன்."

வாயில் வந்துவிட்டது. எங்கப்பா ஓடி வந்தார் என்று என் வாய் சொல்லி நானே கேட்டது இன்றைக்குத்தான். சொன்னதும் அவர் குறைந்துபோகவில்லை. என் கண் முன்னால் இன்னும் ஒரு பிடி உயர்ந்துதான் நின்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. முதல் குடம் தூக்க வந்தவளும் குடத்தைத் தொடவில்லை. சங்கிலிமுத்து அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வரிசை நெடுக நடந்து வந்து திரிக்கு முன்னால் நின்றார்.

"எங்கம்மா என்னை முதுகுல கட்டிக்கிட்டு ஓடி வந்தவ" என்றார். "வாம்மா. முன்னால வா."

திரி என்னைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். முதல் குடம் அவள் குடம்தான். நான் கடைசியிலேயே நடந்தேன்; சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை. பூமி அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தான், வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

எத்தனையோ ஆடி முதலில் நடந்திருக்கிறேன். இன்றைக்குப் போல நிமிர்ந்து நடந்ததில்லை. பெருமையாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து அன்றே சாமி மாடத்தில் வைத்திருந்த மஞ்சள் கயிற்றைத் தேடினேன். வைத்த இடத்தில் காணோம். திரியின் கல்யாணம் கூடாத மழைக்கால விரதம் ஐப்பசியில் முடிகிறதாம். அதுவரைக்கும் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.